போறணைச் சூடு

பின்னேரப் பாண் இறங்கி முடிந்ததும் ஸக்கரியா பாண் வேகும் போறணையின் இரும்புக் கதவை முழுதாக அடைக்கமாட்டார். ஒரு சாண் இடைவெளி விட்டுவைப்பார். அந்த இடைவெளியில், செங்கல் விளிம்பின் மேல், மூன்று துணி முடிச்சுகள் உட்கார்ந்திருக்கும். மாச் சாக்கைக் கிழித்துத் துவைத்த துணி; உள்ளே நெல்லுத் தவிடும் கல்லுப்பும். பேக்கரியின் முன்பக்கம் அலுவிகாரைச் சந்தியைப் பார்த்தபடி பாண் விற்றுக்கொண்டிருக்க, பின்பக்கம் விறகு அடுக்கிய தாழ்வாரத்தில் வலியுள்ளவர்கள் மர வாங்கில் வந்து குந்தியிருப்பார்கள். முன்னால் வருகிறவர்களுக்கு அவர் பாண் போடும் பாஸ். பின்னால் வருகிறவர்களுக்கு நானா, அண்ணன் மாதிரி.

வயது ஐம்பத்திரண்டு. குட்டையான உடம்பு. சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார். எவ்வளவு குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் மா ஒட்டிக்கொண்டிருக்கும். இருபத்தெட்டு வருடமாக ஒரே போறணை. இறங்கிய பாணைக் கவிழ்த்து அதன் அடியில் விரல் முட்டியால் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார். அந்த நேரத்தில் முதலாளி மர்சூக் ஹாஜியார் கூப்பிட்டாலும் பதில் வராது. தாம் சுட்ட பாணை அவர் தின்பதில்லை. "நாள் முழுக்க அதோட மூஞ்சியப் பார்த்துட்டு, தின்ன மனசு வருமா?" என்பார்.

தகரத் தட்டுகளைத் துணி பிடிக்காமல் இழுப்பார். பீடி பற்றவைக்கத் தீக்குச்சி தேடமாட்டார். அடுப்பிலிருந்து தணலை இரண்டு விரலால் எடுத்து, பற்றவைத்துவிட்டு, திரும்ப அதன் இடத்திலேயே வைப்பார். பாண் வாங்க வரும் பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்கென்றே பின்பக்கம் ஓடிவருவதுண்டு.

ஒத்தடம் கொடுக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாச் சாக்குத் தூக்கித் தோள் பிசகிய ஒரு மாதத்தில், வலி தாங்காமல் போறணைச் சுவரில் முதுகைச் சாய்த்தார். சாய்ந்தபடியே இருந்தபோது வலி அப்படியே கிடந்தது. சூடு பொறுக்காமல் விலகினார். தோள் குளிர்ந்ததும் மறுபடி சாய்ந்தார், மறுபடி விலகினார். சுவரோடு சண்டை பிடிப்பவர்போல இப்படி ஆடிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே உயராமலிருந்த கை உயர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அது அவருக்கு ஒரு சட்டம்.

"வச்ச கைய வச்சபடியே வச்சிருந்தா நரம்பு தூங்கிரும். வச்சி எடுக்கோணும், வச்சி எடுக்கோணும். கதவத் தட்டுறமாதிரி. உள்ளுக்கு ஈக்கிறவன் எழும்பி வாற வரைக்கும் தட்டோணும்."

எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் வைப்பது என்று கேட்டால், வலிக்கிற ஆளின் மூச்சைக் காட்டுவார். அவர் மூச்சை விடும்போது முடிச்சு இறங்கும், இழுக்கும்போது எழும்பும். கொஞ்ச நேரத்தில் யாருடைய மூச்சுக்கு யார் அசைகிறார்கள் என்று தெரியாமல் போகும். வந்தவர் கண் செருகிவிடும்.

றத்தோட்டை பஸ் ஓட்டும் சிறிலுக்குக் கழுத்துப் பிடிப்பு. வாரத்துக்கு இரண்டு தரம் வாங்கில் இருப்பான்.

"நானா, இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்குது."

"திரும்பாட்டி நல்லதுதானே. பின்னால வாற பஸ்ஸப் பார்க்க மாட்டாய். போட்டியும் ஓட மாட்டாய்."

முடிச்சை எடுத்து முதலில் தம் இடது முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சரி என்று தலையாட்டுவார். பிறகுதான் அது சிறிலின் கழுத்துக்குப் போகும்.

"அம்மாடி! சுடுது நானா, தோலு உரியுது!"

"கத்தாத. அவ்வளவு பெரிய பஸ்ஸ ஓட்டுற ஆளு, பச்சப்புள்ள மாதிரி" என்று முடிச்சைக் காற்றில் இரண்டு தரம் வீசி ஆற்றிவிட்டு மறுபடி வைப்பார்.

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மரியாயி வருவாள். கொழுந்துக் கூடை இழுத்து இழுத்துப் பிடரி கல்லாகிப்போனவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, பஸ்ஸுக்கு முன்னால் கொஞ்ச நேரம் குந்துவாள். முடிச்சு பட்டதுமே துள்ளுவாள். "ஏன் நானா, என்னையும் பாணுன்னு நெனச்சிட்டீங்களா?"

வாங்கு முழுவதும் சிரிக்கும். ஸக்கரியாவும் சிரித்துக்கொண்டே ஆற்றுவார். வந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள். எல்லாருக்கும் அவர் ஆற்றிக் கொடுத்தார். முழங்கையில் வைத்துப் பார்ப்பது ஒரு பழக்கமாக மட்டும் மிஞ்சிவிட்டது என்பதும், சூட்டை அவர் அளந்ததெல்லாம் மற்றவர் வாயால்தான் என்பதும் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது முடிச்சு யாருக்கும் கிடையாது. தாழ்வாரம் காலியானதும் அதைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆறுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பாதி ஓட்டமாகப் போவார். அது மனைவி ஸுபைதாவுக்கு.

ஸுபைதாவுக்குச் சீனி வருத்தம். ஆறு வருடமாக இருந்தது. கடைசி இரண்டு வருடமாகப் பாதங்களில் எரிவு. "உள்ளுக்கு நெருப்புக் கொட்டினமாதிரி ஈக்குது" என்பாள். உள்ளே நெருப்பாக இருந்த அதே பாதம் வெளியே மரக்கட்டையாகிக்கொண்டிருந்தது என்பதை இருவரும் கவனிக்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு ஹமீமாவைப் பார்க்கப் போய், ஒற்றைச் செருப்போடு திரும்பிவந்தாள். ஹமீமா மற்றச் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, "என்ன ராத்தா, ஒன்ன எனக்கு அன்பளிப்பா வச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்க, மூன்று பேரும் சிரித்தார்கள். கழன்றது காலுக்குத் தெரியவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பின்னேர அஸர் தொழுதுவிட்டு அவள் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அவர் பாதத்தின் பக்கமாகச் சப்பணமிட்டு அமர்வார். முழங்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு வலது உள்ளங்காலில் வைத்து எடுப்பார்.

"சூடு போதுமா?"

"இன்னும் கொஞ்சம் சூடா வைங்க. உள்ளுக்கு எறங்கல்ல."

அவர் எழுந்து குசினிக்குப் போய் முடிச்சை வெறுஞ்சட்டியில் புரட்டிக் கொண்டுவருவார். மறுபடி முழங்கை, மறுபடி தலையாட்டல், மறுபடி அதே கேள்வி, அதே பதில். பொசுங்கும் தவிட்டின் மணம் வீட்டை நிறைத்தபோது இருவருக்கும் அது நல்ல மணமாகவே இருந்தது. ஒத்தடம் முடிந்ததும் அவள் நன்றாகத் தூங்கினாள். எரிவு குறைந்ததும் உண்மை.

கொப்புளத்தை முதலில் கண்டது அவள்தான், தொழுகைக்கு ஒழு எடுக்கக் காலைக் கழுவும்போது. பெரிய காசளவில் வட்டமாக, வரிசையாக மூன்று. தொட்டுப் பார்த்தாள், வலிக்கவில்லை. வலிக்காதது புண்ணாகாது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் வலது காலை மடக்கி, இடது காலை நீட்டினாள். அவர் கேட்டதற்கு, "இன்னைக்கு இதுதான் எரியுது" என்றாள். அந்தக் காலில் உணர்வு கொஞ்சம் மிஞ்சியிருந்தது; சூடு மிஞ்சினால் அது தானாகவே இழுத்துக்கொண்டது.

பதினெட்டு நாள் மறைத்தாள். தெருவில் நின்றே உள்ளே பாண் கருகுவதை மோப்பம் பிடிக்கிற மனிதர், தம் வீட்டுக்குள் வந்த வாடையைக் கழிவுநீர்க் கானின் வாடை என்று நினைத்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கானைக் கழுவினார். காய்ச்சல் வந்து அவள் பிதற்றத் தொடங்கிய காலையில்தான், வலது காலில் அவள் சுற்றி மறைத்திருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தார். மூன்று வட்டமும் ஒன்றாகி, ஓரம் கறுத்துப் போயிருந்தது.

"ஏன் புள்ள செல்லல்ல?"

"செல்லியிருந்தா நீங்க ஒத்தடத்த விட்டுருவீங்க." அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "விடிய சுபஹுக்கு முந்திப் போறீங்க. வந்தா சோத்தத் தின்னுட்டுப் படுக்கிறீங்க. என்னோட ஒக்கார்ற நேரம் அது ஒன்னுதானே."

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படிச் சுட்டது என்று சிங்களத்தில் கேட்டார். ஸக்கரியா வாயைத் திறந்தார். அதற்குள் ஸுபைதா சிங்களத்திலேயே, வெந்நீர்ப் பானை கவிழ்ந்துவிட்டது என்றாள். டொக்டர் மறுபடியும் புண்ணின் வளைந்த ஓரங்களைப் பார்த்தார். சீனி வருத்தக்காரருக்குக் கால் மரத்துப்போகும், சூடு தெரியாது, இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். இரண்டு நாள் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை விட்டு வலது காலை எடுத்தார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் ஸக்கரியா வேலைக்குப் போனார். பாண் இறங்கிய பிறகு ஒரு முடிச்சை எடுத்து இடது முழங்கையின் உட்பக்கத்தில் வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தார். தோல் சிவந்தது, பிறகு வெளுத்தது. அவருக்கு முடிச்சின் பாரம் மட்டுமே தெரிந்தது. மா பிசைகிற ஜமால்தீன் கண்டு, ஓடிவந்து தட்டிவிட்டான். ஸக்கரியா குனிந்து முடிச்சைப் பொறுக்கி, மற்ற இரண்டையும் சேர்த்து, போறணையின் உள்ளே எறிந்து கதவை அடைத்தார்.

சிறில் வந்தான்.

"நானா, கழுத்து."

"ஆஸ்பத்திரிக்குப் போ."

"அவங்க மருந்துதான் தாறாங்க. நீங்க ஒரு தரம்..."

"எனக்கு ஏலா தம்பி. போ."

மரியாயிக்கும் அதே பதில். சில வாரங்கள் வாங்கில் ஆட்கள் வந்து குந்திப் பார்த்தார்கள். பிறகு வாங்கின் மேல் விறகு ஏறியது.

ஸுபைதாவின் புண் ஆறியது. ஹமீமா காலையும் மாலையும் வந்து அவளைக் கழுவித் துடைத்து உட்காரவைத்தாள். எல்லாம் ஒருவாறு அடங்கிவிட்டது என்று அவர் நினைத்த நாட்களில்தான் அவள் சொன்னாள்.

"எரியுது."

"எந்த எடம்?"

"அந்தக் காலு. உள்ளங்காலு."

புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்துபோனார். மாத்தளை டிஸ்பென்சரியில் விசாரித்தார். கால் எடுத்தவர்களுக்கு அப்படி இருக்கும், கால் போனது நரம்புக்கு இன்னும் தெரியாது, நாளாக நாளாகச் சரியாகும் என்றார்கள். நாளாகியது. சரியாகவில்லை. பின்னேரமானால் அவள் தாவணித் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இல்லாத விரல்களை யாரோ நெருப்பில் பிடிப்பதுபோல நெளிவாள். குளிசை கொடுத்தார். எண்ணெய் தடவினார். துண்டித்த முனையை நீவினார். "அங்க இல்ல" என்றாள். "அதுக்கும் கீழ."

ஒருநாள் அவள் கேட்டே விட்டாள்.

"ஒத்தடம் தாங்க."

"ஒனக்கு என்ன பைத்தியமா?"

"அந்தக் காலுக்குத்தான் கேக்கிறேன். அத இனி என்ன செய்யப் போறீங்க?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த நாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமல் கிடந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. புதிதாய் ஒரு துணி கிழித்து, தவிடும் உப்பும் போட்டு முடிந்தார். போறணைக் கதவுவரை கொண்டுபோனார். கை போகவில்லை. சூடு காட்டாமலேயே துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஸுபைதா பாயில் இருந்தாள். இடது கால் நீண்டிருந்தது. அதன் பக்கத்தில் வெறும் பாய். அவர் சப்பணமிட்டு அமர்ந்து, உள்ளங்கால் இருந்திருக்கக்கூடிய இடத்துக்கு முடிச்சைக் கொண்டுபோனார். அவள் மூச்சைப் பார்த்து வைத்தார், எடுத்தார். வைத்தார், எடுத்தார்.

ஸுபைதா கண்ணைத் திறந்தாள்.

"இது பச்சத் தண்ணி மாதிரி ஈக்குது."

தவிட்டின் மணம் வராததால் கண்டுகொண்டாளா, அல்லது உண்மையிலேயே அந்தப் பாதத்துக்குத் தெரிந்ததா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. எழுந்து குசினிக்குப் போனார். அடுப்பை மூட்டிச் சட்டியைப் போட்டார். முடிச்சைப் புரட்டினார். மணம் கிளம்பும்வரை புரட்டினார்.

வைத்தார். முடிச்சு பாயில் பட்டு மெல்லிய ஆவி எழுந்தது. எடுத்தார்.

"சூடு போதுமா?" என்று கேட்டார்.

ஸுபைதா வாயிலிருந்த தாவணித் தலைப்பை விட்டாள். மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"சரியா ஈக்குது. கொஞ்சம் இந்தப் பக்கம். சின்ன வெரலுக்கு."

ஸக்கரியா குனிந்து, வெறும் பாயின் மேல் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.