கதவை மூடவிடாத கேபிள்

தம்பியின் கேமிங் கம்ப்யூட்டரோடு கூடத்து டிவியை இணைப்பது என்று எங்கள் வீட்டில் முடிவானது, அப்பா என் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அவள் அப்பாவைப் பார்த்துவிடக் கூடாது என்பது அதே முடிவின் மறுபாதி.

ஆடி மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு மீண்டன. வாய் ஒரு பக்கம் கோணியதும் பேச்சு குழறுவதும் மீளவில்லை. இரண்டு கண்களிலும் இடப்பக்கத்துப் பார்வை போயிற்று. தட்டின் இடது பாதியில் இருக்கும் சோறு அப்படியே மிஞ்சும். தட்டைத் திருப்பி வைத்தால், புதிதாகப் பரிமாறியதைப் போல அதையும் சாப்பிடுவார். மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கம்பத்தின் உச்சியில் இருப்பவரைத் தரையில் நின்றபடியே அதட்டி வேலை வாங்கிய குரலுக்கு, இப்போது நாங்கள் குனிந்து காது கொடுக்க வேண்டியிருந்தது.

தங்கை, பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள எங்கள் ஊர்க் குடும்பமொன்றின் மாப்பிள்ளையை மணந்து பாரிசுக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கிறாள். மொழி கற்று, பயிற்சி முடித்து, அங்குள்ள முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வேலை நிரந்தரமாகும் முன் நீண்ட விடுப்பு எடுத்தால் அது கைவிட்டுப் போகலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றே அப்பா எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்: அவளிடம் சொல்லக் கூடாது. வெறும் இரத்த அழுத்தம் என்றோம். புதிதாகப் பல் கட்டியதால் பேச்சு அப்படி இருக்கிறது என்றோம். வீட்டில் எந்தக் கைப்பேசியிலும் கேமரா சரியில்லை என்றோம். இவற்றை அவளிடம் சொன்னது பெரும்பாலும் நான்தான்.

நான் சமூகப் பணி படித்தவள். நோயாளியின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று மற்றக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வது என் தொழில். ஆனால் ஒரு மகளுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டா, அவளுடைய வேலையை அவளைக் கேட்காமலே நாங்கள் காப்பாற்றலாமா என்ற கேள்விகளுக்கு என் படிப்பில் நேரான பதில் இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து உட்கார வைப்பதைவிட, இந்த இரண்டையும் தினமும் எடை போட்டுக்கொண்டிருந்ததில்தான் நான் அதிகம் களைத்தேன்.

தீபாவளி கழிந்ததும் அப்பா அவளைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் அனுப்பும் படங்களைக் கைப்பேசியில் காட்டினால் பாதி முகம்தான் தெரிகிறது என்று எரிச்சல்பட்டார். தம்பி ஒரு வழி சொன்னான். கேமரா அவன் அறையில், அவனுடைய இரண்டு மானிட்டர்களில் ஒன்றின் மேல் இருக்கிறது. டிவி கூடத்தில் இருக்கிறது. டிவியை மூன்றாவது திரையாக இணைத்து அவள் முகத்தை அங்கே அனுப்பிவிட்டால், அப்பா அவளைப் பார்ப்பார். அவளுக்குத் தம்பி மட்டும் தெரிவான்.

கடைகள் நிறைந்த நேரு வீதியில் நீளமான எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கி வந்தேன். சனிக்கிழமை முழுவதும் அதில் போயிற்று. முதலில் செருகிய இடத்தில் டிவி சிக்னல் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அது மதர்போர்டின் துளை என்பதும், கிராபிக்ஸ் கார்டின் துளையில்தான் செருக வேண்டும் என்பதும் தம்பிக்குப் பிறகே உறைத்தது. அதிலிருந்த ஒரே எச்டிஎம்ஐ துளையை அவனுடைய மானிட்டர்களில் ஒன்று பிடித்துக்கொண்டிருந்ததால், அந்த மானிட்டருக்கு வேறு வகைக் கேபிள் வாங்க முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மறுபடியும் கடைக்குப் போய்வந்தேன். படம் வந்தபோது ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. அதைச் சரிசெய்தால், ஒலி தம்பியின் ஹெட்போனில் கேட்டது. அப்பா நாற்காலியில் இருந்தபடி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். அம்மா அதை எங்களுக்குச் சொன்னாள்: "ஒரு ஃபியூஸ் போடத் தெரியாதவனுக்கு எதுக்குடா இத்தினி ஒயருங்கறாரு."

மாலையில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. தங்கையின் முகம் வரும் சட்டத்தை டிவியின் வலது பாதியில் வைக்கச் சொன்னேன். இடது பாதி அப்பாவுக்கு இல்லை. மைக்கை அவர் நாற்காலியருகே கொண்டுவந்தோம். கேபிள் வாசற்படியைத் தாண்டி வந்ததால் அறைக்கதவை முழுதாக மூட முடியவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது. தம்பி உட்கார்ந்தால் அதை அவன் முதுகு மறைத்துவிடும் என்று சோதித்துப் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிறு மாலை அவள் வீடியோ அழைப்பில் வந்தாள். டிவியில் அவ்வளவு பெரிதாக அவளைப் பார்த்ததும் அப்பாவின் வலது கை தானாக உயர்ந்தது. அவள் கேட்டதற்கெல்லாம் தலையசைத்தார். அது அவளுக்குத் தெரியாது என்பதை மறந்து திரும்பத் திரும்ப அசைத்தார். அப்பா எங்கே என்று அவள் கேட்டாள். கூடத்தில் பெரிய திரையில் பார்க்கிறார் என்றான் தம்பி.

தம்பிக்குக் காபி கொண்டுபோன அம்மாவின் கால் கேபிளில் பட்டது. டிவி இருண்டது. அப்பா பதறிச் சத்தமெழுப்பினார். தம்பி நாற்காலியை விட்டு இறங்கிக் கம்ப்யூட்டரின் பின்புறம் குனிந்தான். கதவு அம்மாவின் தோள்பட்டுத் திறந்தபடி நின்றது. நான் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், டிவி போனதும் அறைக்குள் மானிட்டருக்கே தாவிவிட்ட தங்கையின் முகம், எங்களுக்கு நேரே.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். அது கேபிளில் இடித்துத் திரும்பி வந்தது.

"அக்கா, கதவ மூடாத."

டிவி போனதால் அவள் குரல் தம்பியின் மேசை ஸ்பீக்கரில் வந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஆடியிலிருந்து என்றேன். தீபாவளிக்குத் தான் பேசியபோதுமா என்றாள். ஆமாம் என்றேன். அப்பா துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"நான் இங்க தெனம் யாரோ ஒருத்தரோட அப்பாவுக்கு வாய் தொடச்சி வுடுறேன்க்கா," என்றாள்.

அவள் அழுது முடிக்கக் காத்திருந்தோம். பிறகு அப்பாவைக் கேமராவுக்கு முன் கொண்டுவரச் சொன்னாள். கேமராவின் ஒயர் கூடம் வரை எட்டாது. தம்பியும் நானும் அப்பாவை நாற்காலியோடு தூக்கி அறைக்குக் கொண்டுபோனோம். அவர் முன்னே இரண்டு மானிட்டர்கள். தம்பி அவள் முகத்தை வலது மானிட்டருக்கு நகர்த்தி, கேமராவையும் அதன் மேல் மாட்டினான். துண்டுக்குப் பின்னாலிருந்து அப்பா சொன்னது, காது கொடுக்காமலே எங்களுக்குப் புரிந்தது: "வேலய வுடாத."

"அத நான் பாத்துக்கறேன். துண்ட எடுப்பா."

எடுக்க வெகு நேரம் ஆயிற்று.

அவள் புறப்பட்டு வரவில்லை. மேற்பார்வையாளரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். வேலை நிரந்தரமாகுமா என்பது இன்னும் தெரியவில்லை. ஆனால் அவளுடைய மதிய இடைவேளையில், எங்களுக்கு மாலையாக இருக்கும் நேரத்தில், தினமும் அந்த வலது மானிட்டரில் வருகிறாள். உதட்டைக் குவிக்கச் சொல்கிறாள், கன்னத்தை உப்பச் சொல்கிறாள், தானும் செய்து காட்டுகிறாள். மருத்துவமனையில் பேச்சுச் சிகிச்சையாளர் எழுதிக் கொடுத்த அதே பயிற்சிகளை நான் கெஞ்சியபோது அப்பா ஒரு முறையும் செய்ததில்லை. அவளுக்குச் செய்கிறார். சில நாள் துண்டைப் போட்டுக்கொண்டு மாட்டேன் என்கிறார், அவள் திட்டுகிறாள். தம்பி தன் விளையாட்டு நேரம் போனதை அம்மாவிடம் முணுமுணுக்கிறான்.

இடைவேளையை இதற்குக் கொடுத்துவிட்டு எப்போது சாப்பிடுகிறாய் என்று ஒருநாள் அவளைக் கேட்டேன். அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். ஆடியிலிருந்து நானும் அம்மாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளைத் தடுக்க வேண்டும் என்று தோன்றியது. தடுக்கவில்லை. அறைக்குள் அவள் குரல் கேட்கத் தொடங்கியதும், கூடத்தில் அப்பாவின் நாற்காலி இருந்த இடத்தில் பாயைப் போட்டு, அவள் என்னைக் கூப்பிடும் வரை தூங்கிவிடுகிறேன்.