ஏகாதசிக்குப் போட இருந்த ஸ்டால்

திருச்சியில் பி.பி.ஏ. படித்தபோது, ஸ்ரீரங்கத்து மளிகைக் கடையொன்றில் ஒரு மாதம் நின்று, யார் எதை வாங்குகிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். கால் கடுக்க நின்று காலேஜையே திட்டித் தீர்த்தேன். ஏகாதசி வந்த இரண்டு நாளும் ரவை மட்டும் சீக்கிரமே தீர்ந்தது. ஏன் என்று கேட்டேன். "இன்னிக்கு சாதம் சாப்பிட மாட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர். அதையும் எழுதிக்கொண்டேன்.

இப்போது எலுமிச்சை சாதப் பொடி விற்கும் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை. சென்னையிலிருந்து வந்த மேனேஜர், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குச் சாதம் கிளறி சாம்பிள் கொடுக்கலாம் என்று ஸ்ரீரங்கம் கோயில் பக்கத்தில் இடமே பிடித்துவிட்டார்.

"சார், அன்னிக்கு இந்த ஊர்ல பாதிப் பேர் சாதத்தைத் தொடமாட்டாங்க. மறுநாள் வைங்க."

அரை மனதாக மாற்றினார். சொதப்பினால் பழி என் தலையில்தான் என்று நான் தூங்கவே இல்லை.

துவாதசியன்று மதியத்துக்குள் அண்டா காலி. அப்பாடா என்று ஸ்டூலில் சாய்ந்தேன்.

மேனேஜர் என் முக்காட்டைப் பார்த்தபடி, "உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும்?" என்றார்.

"எங்க வீட்ல ரம்ஜான் நோன்புதான் சார். ஏகாதசி நான் காலேஜ்ல படிச்சது."