அக்காவின் அரை அங்குல முடி

என் வீட்டுக்காரருக்கு ஆட்களைக் கணினிக்குள் நிற்க வைக்கிற வேலை. சுற்றிலும் கேமரா மாட்டிய அறையில் ஒருவரை நிறுத்திப் படமெடுப்பார்கள். கணினி அந்த இடத்தையே பொடிப்பொடிக் கட்டங்களாக நறுக்கி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு அடர்த்தி என்று குறித்துவைக்கும். முதலில் பார்த்தால் ஆள் புகைக்குள் நிற்பது போலிருக்கும். எவ்வளவு அடர்த்திக்கு மேல் போனால் உடம்பு, அதற்குக் கீழே எல்லாம் வெறும் அழுக்கு என்று கோடு கிழிப்பது இவர் பொறுப்பு. கோட்டை ஏற்றினால் புகை போய் உருவம் பளிச்சென்று வரும். இவர் எப்போதும் ஒரு படி கூடுதலாகவே ஏற்றுவார். இவர் முடிக்கிற உருவமெல்லாம் மெழுகுப் பொம்மை போல வழவழவென்று வருவதால், அலுவலகத்தில் 'வழவழா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதையும் பெருமையாக என்னிடம் வந்து சொல்கிற மனுஷன், என்னத்தைச் சொல்ல!

இவருடைய அக்காவுக்குப் புற்றுநோய் வைத்தியத்தில் முடி மொத்தமும் கொட்டி, இப்போதுதான் பூனைமுடியாக முளைத்திருந்தது. அடுத்த வாரம் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டுக்குள் வந்தால் மட்டும் தலைத்துணியை எடுத்துவிடுவார். வேலைக்கும் தலையை மூடாமல் போகலாமா என்று அவருக்கு உள்ளூர உதறல்.

"டேய், உன் மிஷின்ல என்னை எடேன். கண்ணாடியில முன்பக்கம்தான் தெரியுது. சுத்திப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து அக்காவின் உருவத்தைச் சுழற்றினார். உரித்த முட்டை மாதிரி மொட்டைத் தலை.

அக்கா தலையைத் தொடக் கையைத் தூக்கி, பாதியிலேயே இறக்கிக்கொண்டார். "மிஷின் பொய் சொல்லுமா? முடி இருக்குன்னு நானாத்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

எது சொதப்பினாலும் மிஷின் மேல் பழியைப் போடுகிறவர் இவர். அன்றும் அதற்குத்தான் வாயைத் திறந்தார், ஆனால் மூடிக்கொண்டார். காதுமடல் வரை சிவந்துபோயிற்று.

"மிஷின் மேல தப்பில்லக்கா. அது எடுத்திருந்துச்சு. தலையைச் சுத்தி லேசா புகை மாதிரி இருந்துச்சு. அழுக்குன்னு நான்தான் துடைச்சிட்டேன்."

கோட்டை இறக்கிக் காட்டினார். காற்றில் மிதக்கும் தூசுக்கு நடுவே, தலை முழுக்க அந்த முடி.

அக்கா அதைப் பார்க்கவே இல்லை. தம்பியைத்தான் பார்த்தார்.

"மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. வாரா வாரம் என் எதிர்ல உக்காந்து சாப்பிடறியே, உனக்குத் தெரியலையாடா?"

இவர் தலை குனிந்தார். குனிந்தது குனிந்ததுதான், அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுகூட நிமிரவில்லை.