நீல உறைக்குள் பச்சைப் பாடம்

எங்கள் பச்சைப் பெட்டியைத் திறந்தாலே காய்ந்த இறால் வாசனை அடிக்கும்...

வியட்நாமில், பென் தான் என்ற சந்தையில் இறாலும் கருவாடும் விற்ற லான், மாய் என்ற அக்கா தங்கையின் உபயம் அது. கடையை மூடிய கையோடு வகுப்புக்கு வந்துவிடுவார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகாது.

சந்தைக்குப் பின்னால், துணிக்கடை மாடியில் ஒரு ஆங்கில வகுப்பு. சென்னையிலிருந்து போன எனக்கு அதுதான் முதல் வேலை. நடத்தியவர் காரைக்கால்காரர், ஜெசிந்தா மேடம். மெட்ரோ எல்லாம் வராத காலம். கீழே போகும் மோட்டார் பைக் சத்தத்தில் பாதிப் பாடம் காணாமல் போய்விடும்.

வாசிப்புப் பயிற்சிக்கு மூன்று பெட்டிகள். மஞ்சள் சுலபம், பச்சை நடுத்தரம், நீலம் கஷ்டம். உள்ளே இருக்கும் பாட அட்டைகள் எல்லாம் வெள்ளைதான், மேல் உறைக்குத்தான் நிறம். பதில்கள் சரியாக வந்தால் அடுத்த நிறம், சொதப்பினால் பழைய நிறம். யார் எந்த நிறம் என்பது வகுப்புக்கே தெரியும்.

சகோதரிகள் இருவரும் பச்சை. மாத முடிவில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுப்பதாக இருந்தார்கள். நீலத்தை வாசிக்கத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போயே பிரயோஜனமில்லை. மாய்க்கு அந்த வேலை மேல் உயிர். புத்திசாலிப் பெண் வேறு. ஆனால் நீலத்துக்குப் போக ஒரு படி இருக்கும்போதெல்லாம் சறுக்கிவிடுவாள்.

அவள் விடைத்தாளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்... யோசித்து எழுத வேண்டிய கேள்விக்குச் சரியான பதில். கதையில் வருபவரின் பெயர் என்ன என்ற கேள்விக்குத் தப்பு!

மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வேணும்னுதான் தப்பா எழுதுறா தம்பி. அக்கா பச்சையில உக்காந்திருக்கப்ப இவ மட்டும் நீலத்தைக் கையில எடுப்பாளா? இங்க உள்ள பிள்ளைங்க அப்படித்தான். அக்காவை ஏத்திவிடுங்க, தங்கச்சி தானா ஏறுவா."

"லானுக்குப் பச்சையே திணறுது மேடம். நீலம் எப்படி?"

"உறையத்தான் ஏத்தச் சொன்னேன். பாடத்தையா ஏத்தச் சொன்னேன்?"

மறுநாள் பச்சைப் பாடம் ஒன்றை நீல உறைக்குள் போட்டு லானிடம் நீட்டினேன். அவள் உறையைப் பார்த்தாள், அட்டையை வெளியே எடுத்தாள், வாசிக்க ஆரம்பித்தாள். மாய் எட்டிப் பார்த்துவிட்டு அக்காவைக் கிள்ளினாள். அந்த வாரமே மாயின் விடைத்தாளில் ஒரு தப்புகூட இல்லை. நீலத்துக்கு வந்துவிட்டாள், நிஜ நீலத்துக்கு. லானுக்கு மட்டும் தினமும் உறை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹோட்டலில் மாய்க்கு வேலை கிடைத்தது. லான் தேர்வுக்கே போகவில்லை.

பிறகு ஒரு நாள் லான் ஒரு பொட்டலம் இறாலோடு வந்தாள். அவள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்.

"சார், அன்னிக்கு வரைக்கும் நீலப் பெட்டியை நாங்க தொட்டதே இல்ல. அப்புறம் எப்படி எனக்குக் குடுத்த அட்டையில எங்க கடை வாசனை வந்துச்சு?"

நான் அசடு வழிந்தேன். "முதல் நாளே தெரியுமா? தங்கச்சிகிட்ட சொல்லலையா?"

"சொன்னா அவ திரும்பப் பச்சைக்கே வந்துடுவாளே!"

உறை மாற்றியதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது என் இளைய மகள் டேப்லெட்டில் வாசிக்கிறாள். தப்பு செய்தால் அதுவே சுலபமான பாடம் கொடுக்கிறது, சரியாகச் செய்தால் கஷ்டமானது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் அவமானமில்லை. உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. பக்கத்து நாற்காலியில் அவள் அக்கா, தன் டேப்லெட்டோடு. தங்கை எந்த லெவல் என்று அக்காவுக்குத் தெரியாது, அக்கா எந்த லெவல் என்று தங்கைக்கும் தெரியாது.

நேற்று சும்மா இளையவளின் டேப்லெட்டை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "என்னப்பா பண்றீங்க?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.