கிரைண்டருக்குக் கீழே ஒரு சோடிச் செருப்பு

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், அம்மாவின் குசினிக்குள் போய், மாமி கொழும்பிலிருந்து கொண்டுவந்த புதுக் கிரைண்டரில் கை வைத்தேன். விரலிலிருந்து மணிக்கட்டுவரை சுள்ளென்று ஏறியது. ஏழு வயதில் இதே இடத்தில் வாங்கிய அதே சுள்.

அந்தப் பழைய கிரைண்டரும் கொழும்பிலிருந்து வந்ததுதான். அதன் மூன்று கால் பிளக் இங்குள்ள சுவரில் நுழையாததால் அப்பா அதை வெட்டிவிட்டு, இரண்டு கால் பிளக் ஒன்றைப் பூட்டினார். மிஞ்சிய பச்சை மஞ்சள் எர்த் வயரை மடித்து டேப் சுற்றினார்.

"இது சும்மா வயர். இது இல்லாமலே ஓடுதுதானே."

ஓடியது. உளுந்து மணக்க மணக்க ஓடியது, தொட்டவரைக் கடித்தது. வாசலுக்கு உள்ளே செருப்பே வரக்கூடாத எங்கள் வீட்டில், கிரைண்டருக்குக் கீழே மட்டும் ஒரு சோடி ரப்பர் செருப்பு கிடக்கும். மா அரைக்க வரும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் அம்மா சொல்லுவார்: "செருப்பைப் போட்டிட்டுத் தொடுங்கோ."

இப்போது புதுக் கிரைண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அதே இரண்டு கால், அதே டேப். கீழே ரப்பர் செருப்பு.

"அப்பா, கசியிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோறதே அந்த வயர்தான். அது இல்லாட்டி ஆள் செத்துப்போகும். எத்தனை தரம் சொல்லிப்போட்டன்!"

"ஓடுதுதானே, பிள்ளை."

பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போய், இரண்டு காலோடு பக்கத்தில் எர்த் தகடும் உள்ள சரியான பிளக் வாங்கிவந்து, எர்த் வயரை அதன் இடத்தில் இறுக்கிப் பூட்டினேன்.

"அம்மா, இனி உந்தச் செருப்புத் தேவையில்லை" என்று கிரைண்டரை ஓடவிட்டுத் தொட்டுக் காட்டினேன்.

"ஓம்" என்ற அம்மா என் கால்களையே பார்த்தார். எப்போது போட்டேனோ தெரியாது, அந்தச் செருப்பு என் காலில் இருந்தது.