எந்தப் பேட்டை?

கொல்கத்தாவுக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. ஊர் பார்க்க வருகிறவர்கள் பார்க்கும் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் பவானிபூரில் எந்த மொட்டை மாடியில் மைக்கை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். பாலிகஞ்ச் ஸ்டேஷனை ஒட்டிய காபிக் கடையில் எந்த மேஜைக்குக் கால் ஆடும் என்பதும் தெரியும். எல்லாம் என் மகளால் வந்த ஞானம். அவள் ராப் பாடுகிறாள், நான் துணைக்குப் போகிறேன்.

வங்கி என்னை இங்கே தூக்கிப் போட்டது. மனைவி தாம்பரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை, அவளால் வர முடியவில்லை. மகளுக்கு அவள் கேட்ட படிப்பு பவானிபூர் கல்லூரி ஒன்றில் கிடைத்ததால் என்னோடு வந்தாள். லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. முதல் மழைக்காலத்தில் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது இரண்டு பேரும் அழாத குறைதான். அந்த வாரமே ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். கல்லைக் கிணற்றில் போட்டதுபோல அது கிடந்தது.

மழை விடுவதற்குள் அவள் கூட்டாளிகளைப் பிடித்துவிட்டாள். முதல் நிகழ்ச்சிக்கு நான் வங்கியிலிருந்து நேராகப் போனேன். சட்டையை உள்ளே விட்டு, கையில் டிபன் பையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் பசங்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். சத்தம் அதிகம் என்று முறையிட வந்த ஆசாமி என்று நினைத்தார்களாம். "எங்கப்பா" என்று இவள் கைகாட்டியதும் நாற்காலி வந்தது, மண் குவளையில் டீ வந்தது. அன்று முதல் நான் அத்தனை பேருக்கும் காக்கு, அதாவது சித்தப்பா.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் மைக்கை வாங்கினாலும் கூட்டம் முதலில் "கோன் பாடா?" என்று கத்தும். பாடா என்றால் நம் பேட்டைதான். எந்தப் பேட்டை என்று சொன்ன பிறகுதான் பாட்டு. பாட்டிலும் பேட்டைதான். எந்தச் சந்தில் சாக்கடை பொங்கும், எந்த ஆட்டோ எந்த வரிசையில் நிற்கும், எந்தக் கிளப் துர்கா பூஜைக்கு நன்கொடை கேட்டு விடாப்பிடியாகக் கதவைத் தட்டும் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். வந்த புதிதில் நான் சும்மா நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து போகும் இடத்தைச் சொல்லி, வரிசையில் நின்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இங்கே ஆட்டோ பஸ் மாதிரி ஒரே தடத்தில் ஓடும் என்று எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பாட்டுத்தான். வங்காளி பேசத் தெரியாத நான் ஊரைக் காதால் தெரிந்துகொண்டேன். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்று கையைத் தூக்கி ஆட்டவும் பழகிவிட்டேன்.

ஆனால் அலுப்பு. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் சமைத்து, மெட்ரோவில் நசுங்கி, கவுன்டரில் தெரியாத மொழியில் திட்டு வாங்கி, மாலையில் செருப்பு ஏறாத அளவுக்குக் கால் வீங்கி வருகிறேன். அலைபேசியில் மனைவி "சாப்பிட்டீங்களா" என்றால் "ம்" என்பேன். அவளும் "ம்" என்பாள். இரண்டு வருடங்களாக இதுதான் குடித்தனம்.

போன புதன்கிழமை கிணற்றில் போட்ட கல் மிதந்து வந்தது. மாற்றல் உத்தரவு. தாம்பரம் பக்கத்திலேயே கிளை. ஏற்கிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடங்கள் இருக்கின்றன.

சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னேன். "நீ என்னம்மா சொல்ற?"

"நான் ஹாஸ்டல்ல இருந்துக்கறேன்."

"தனியாவா? அந்தப் பேச்சே வேணாம். போனா ரெண்டு பேரும் போறோம். இல்லன்னா ரெண்டு பேரும் இங்கயே கெடக்கறோம்."

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அடுத்த மூன்று நாளும் வீட்டில் மிக்ஸி மட்டும்தான் பேசியது. எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்குக்கூடப் பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பேட்டைக் கிளப்பிலேயே நிகழ்ச்சி. போகப் பிடிக்காமல்தான் போனேன். கால் வலிக்கிறது என்று சொன்னால் அவளும் போகமாட்டாள்.

அவள் மைக்கை வாங்கினாள். "கோன் பாடா?" என்றது கூட்டம். "லேக் கார்டன்ஸ்!" என்றாள். சொந்தப் பேட்டை இல்லையா, கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. முதலில் வழக்கம்போல வங்காளியில் மழை, வாசல் தண்ணீர், கல்லூரிப் பேருந்து. பிறகு தாளம் மட்டும் ஓட, என்னைப் பார்க்காமல் தமிழில் ஆரம்பித்தாள்.

"காலு வீங்கி வருவாரு, கதவைத் தொறப்பாரு,
சோறு வடிச்சு வெப்பாரு, சோர்ந்ததைச் சொல்லமாட்டாரு.
எனக்கு இங்க பேட்டை இருக்கு, எதுக்குப்பா பயம்?
அம்மா அங்க ஒத்தையில, என்னப்பா நியாயம்?
வீட்டுக்குப் போப்பா, வீட்டுக்குப் போ!"

கடைசி வரியை எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அர்த்தம் தெரிய வேண்டும் என்று சட்டம் இல்லை. அவள் மைக்கை நீட்டினாள். நூற்றுச் சொச்சம் வங்காளிப் பிள்ளைகள் கையைத் தூக்கி, தொண்டை கிழிய, "வீட்டுக்குப் போப்பா, வீட்டுக்குப் போ" என்று கத்தினார்கள். எனக்கு டீ கொடுப்பவன் கத்தினான். எப்போதும் என் செருப்பைப் பத்திரமாக எடுத்து வைக்கும் பெண் கத்தினாள். கிளப் காரியதரிசி நரைத்த தலையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். எங்கே எனக்கு முழங்கால் தண்ணீர் நின்றதோ அந்தத் தெருவே என்னைப் போ போ என்றது.

இரண்டு வருடங்களாக நான் கேட்க ஏங்கிய வார்த்தைதான். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. இவர்களை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மகளை நினைத்துத்தான் பயந்தேன். எந்தப் பேட்டை என்று கேட்டால் சொல்ல அவளுக்கு ஒரு பேட்டை இருக்கிறது. தாம்பரத்தில் என்னை யார் காக்கு என்று கூப்பிடுவார்கள்? திங்கட்கிழமை மாற்றலை ஏற்கிறேன் என்றுதான் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

மேடையில் அவளும் அழுதுகொண்டுதான் பாடினாள். நடுவில் ஒரு முறை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

பக்கத்தில் நின்ற டீக்காரப் பையனின் அண்ணன் என் தோளைத் தொட்டு, "மானே கீ, காக்கு?" என்று அர்த்தம் கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில், வீட்டுக்குப் போகச் சொல்கிறாள் என்றேன்.

"எகோனி?" என்றான், இப்பவேயா என்று திடுக்கிட்டு. "இன்னும் நாலு பேர் பாடணுமே! போஷுன் காக்கு, போஷுன்."

பெஞ்சில் இருந்தவர்களை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தான். உட்கார்ந்தேன்.