எரிமேட்டுக்குப் போன மூட்டைகள்

ஸ்க்ரூ அக்கா என்றால்தான் தெருவில் அவளை எல்லாருக்கும் தெரியும். இடுப்பில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டேதான் கடைக்குப் போவாள். அதோடுதான் கல்யாண வீட்டுக்கும் போவாள். "நீ கோபமா வந்தா நான் எங்க ஓடுறது?" என்று புருஷன் கேலி செய்வான். மூச்சு வாங்காத நாட்களில் மட்டும்தான் அந்தக் கேலி வரும்.

அவனுக்கு நெஞ்சு கெட்டது எரிமேட்டில். கால்வாய்க்குப் பின்னால் இருந்த பொட்டலுக்கு அப்படித்தான் பெயர். பழைய கம்ப்யூட்டர், டிவி, போன், வயர் எல்லாம் அங்கே எரியும். பிளாஸ்டிக் உருகி ஓடிய பிறகு மிஞ்சும் செம்பைப் பொறுக்கி எடைக்குப் போடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் புருஷனோடு நின்று குச்சியால் நெருப்பைக் கிளறியவள்தான். அவனுக்கு நெஞ்சு போனது, அவளுக்கு மூக்கு. அடுப்பில் எது கருகினாலும் அடுத்த வீட்டுக்காரி வந்து சொன்னால்தான் உண்டு.

பிறகு ஊருக்கு வெளியே ஒரு கம்பெனி வந்தது. பேங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்துப் பழைய மின்சாமான்களையும் எடுத்து வந்து, எரிக்காமல் முறையாகப் பிரித்து அனுப்பும் கம்பெனி. முதல் ஆளாகப் போய் நின்றாள். கையுறை, முகமூடி, தலைக்கு மேல் தூசியை இழுக்கும் விசிறி. உப்பிப்போன பேட்டரியைத் தீப்பிடிக்காமலிருக்க மணலுக்குள் வைக்க வேண்டும், பழைய டிவியின் கண்ணாடிக் குழாயைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும், பிரின்டர் பொடியை ஊதக் கூடாது. எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகக் கற்றுக்கொண்டாள். பிரித்த சர்க்யூட் போர்டுகளைச் சாக்கில் கட்டி, வாயைப் பச்சைச் சணலால் தைத்து, இரட்டை முடிச்சுப் போடுவாள். அந்த முடிச்சை அவளைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது என்று கூட வேலை செய்யும் பெண்கள் சிரிப்பார்கள்.

கொழுந்தன் அப்போதும் எரிமேட்டில்தான் இருந்தான்.

"என்ன அண்ணி, கையுறை போட்டுக்கிட்டு கம்ப்யூட்டருக்குப் பிரசவம் பாக்குறீங்களாமே?"

"உங்க அண்ணன் இருமுறது உனக்குக் கேக்குதா இல்லையா?"

விடாமல் நச்சரித்து அவனையும் கம்பெனியில் லாரிக்கு மூட்டை ஏற்றுபவனாகச் சேர்த்துவிட்டாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்தார்கள். எரிமேட்டில் நாய்கள் படுத்துத் தூங்கின. லீவு நாளில் அவள் சாக்கோடு வீடு வீடாகப் போய், "ரிமோட்டு, சார்ஜர், செத்துப்போன போன், எது இருந்தாலும் குடுங்க, குப்பையில போடாதீங்க" என்று கேட்டு வாங்கி வருவாள். ஒருத்தி பழைய போனைக் கொடுக்க மனமில்லாமல் நின்றாள், உள்ளே பிள்ளையின் போட்டோ இருக்கிறதாம். அது வேறு போனுக்கு மாறும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்து வாங்கி வந்தாள்.

ஒருநாள் அடுத்த வீட்டுக்காரி கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டே கேட்டாள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களா? வெள்ளைத் துணியெல்லாம் கருப்பா வருது. உனக்கு நாத்தம் தெரியலையா?"

போட்டது போட்டபடி கால்வாயைத் தாண்டி ஓடினாள். பொட்டலில் கம்பெனி லாரி நின்றிருந்தது. கொழுந்தன் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் பச்சைச் சணல், இரட்டை முடிச்சு. அவிழ்க்க முடியாமல் சாக்கைப் பக்கவாட்டில் கிழித்திருந்தார்கள்.

"இது நான் கட்டினது," என்றாள்.

அவன் தோளில் இருந்த மூட்டையைக் கீழே வைத்தான். "எல்லாம் இல்ல அண்ணி. நல்ல போர்டு மட்டும் பெரிய உருக்காலைக்குப் போகுது. மத்ததை அனுப்பினா கட்டுப்படி ஆகலையாம்."

"எப்போலேர்ந்து?"

"நான் சேர்றதுக்கு முன்னாடியே. முதல்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் எரிச்சாங்க. அங்க ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்க. அதான் இங்க."

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"வேலை முடிஞ்சு நீங்க வீட்டுக்கு வர்றப்போ முகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அதைப் பாத்துட்டுத்தான் அண்ணன் ரெண்டு வாய் சாப்பிடுவாரு. எந்த வாயால சொல்றது?"

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் கத்தவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. எடுத்துட்டுப் போக எவன் குறைச்சலா காசு கேக்குறானோ அவனுக்குத்தான் பேங்க்காரன் சாமானைக் குடுப்பான். நாம முடியாதுன்னா வேற ஒருத்தன் எடுப்பான். அவன் ஒரு பேட்டரியைக்கூடக் கழட்ட மாட்டான், அப்படியே கொளுத்துவான். நாம பாதியாவது ஒழுங்கா பண்றோமா இல்லையா?"

அவள் எழுந்து வெளியே வந்தாள். அந்த ஆள் பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

ஒரு வாரம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுச்சூழல் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். எரிமேட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது யாருடைய நிலம் என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

மேனேஜர் சொன்னது அப்படியே நடந்தது. வேறு யாரோ சாமானை எடுத்தார்கள். இப்போது லாரி நேராகவே பொட்டலுக்கு வந்தது. டிவிக் குழாய்களைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். கையுறை போட்டு வேலை பார்த்த பெண்கள் எல்லாம் குச்சியோடு நெருப்பைச் சுற்றி நின்றார்கள். அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் வாய்விட்டே கேட்டாள். "உன் மனசு இப்போ குளுந்துச்சா?"

வீட்டில் ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டினாள். அதில் கரி படியப் படிய அலசி மறுபடியும் கட்டினாள். மழைக்காலம் முடிவதற்குள் புருஷன் போய்ச் சேர்ந்தான். ஒருநாள்கூட அவளை அவன் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவளும் பொட்டலுக்குத்தான் போகிறாள். நெருப்புப் பக்கம் போவதில்லை. லாரி கொட்டியதும், கொளுத்துவதற்கு முன்னால், கைக்கு எட்டும் சாமான்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி எடுக்கிறாள். நெருப்பில் ஒரு பேட்டரி வெடித்து ஒருத்திக்குக் கண் போனதிலிருந்து யாரும் அவளைத் தடுப்பதில்லை, அவளோடு பேசுவதும் இல்லை. கழற்றியதை மணல் போட்ட டிரம்மில் அடுக்கிக் கொல்லைப்புறத்தில் வைக்கிறாள். ஒரு டிரம் நிறைந்து, இன்னொன்றும் நிறைந்துவிட்டது. வந்து எடுத்துப் போகச் சொல்லி எத்தனையோ ஆபீசுக்குப் போன் செய்தாயிற்று. அது எங்கள் பிரிவு இல்லை என்கிறார்கள்.

நேற்றுக் கொழுந்தன் புதிதாக ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இதையெல்லாம் கடைசியில என்ன அண்ணி பண்றது?"

"தெரியலப்பா. மழை வர்ற மாதிரி இருக்கு, மூடியைப் போட்டுட்டு வா."